தடையும் கண்காணிப்பும்: தனியார் பாடசாலைகள் மீது அரசின் அதிகாரம் பற்றிய ஓர் ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துக்கு ஆனையிறவு என்பது பெயர். இறத்தல் என்னுஞ் சொல்லுக்குக் கடந்து செல்லுதல் என்பது பழம்பொருள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியாகவே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்பனையாயின. பிற்காலத்தில் அவ்வழியே நெல்லும் மரமும் உப்பும் சென்றன. காணி தேடிய குடிகள் தெற்கே சென்றனர். உத்தியோகம் தேடிய இளைஞர் கொழும்பு வரை சென்றனர். ஆயினும், வடக்கே பெருகிக் கிடந்த ஒன்று தெற்கே செல்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. அது நல்ல பாடசாலை.

ஈழத்துத் தமிழர் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குடாநாட்டில் நின்றே எழுதுவர். தனியார் பாடசாலைகளை அரசு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்னும் வினாவும் அங்கு நின்றே கேட்கப்படுகின்றது. அங்கு நிற்பவர்க்குப் பாடசாலை முன்னரே உண்டு. ஆதலால் அதனை ஆளுபவர் யார் என்பதே அவர்க்குப் பெரிதாகத் தோன்றும். ஆனையிறவுக்குத் தெற்கே நிற்பவர்க்கோ வினா வேறு. பாடசாலையே இல்லாதவிடத்து அதனைக் கொண்டுவருபவர் யார் என்பதே அவர் கேட்கும் முதல் வினா. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி, அரசின் அதிகாரத்துக்கு உரிய எல்லை புலப்படாது.

இவ்வெல்லையை அறிவதற்கு இலங்கையின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. தனியார் பாடசாலைகளுக்கு உதவிப்பணம் கொடுத்து ஒதுங்கி நின்ற அரசும், பின்னர் அவற்றை முற்றாகக் கையேற்றுப் புதியவற்றைத் தடுத்த அரசும் இந்நாட்டிலேயே இருந்தன. இரண்டும் என்ன விளைத்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவிப்பணக் காலம்

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினறியை நிறுவினர். வெசுலியன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபையாரும் பாடசாலைகளை அமைத்தனர். அவற்றின் கல்விப்பயனை மறுப்பார் இலர். ஆயினும், அக்கல்வியோடு மதமாற்றமும் சேர்ந்தே வந்தமையால், சைவப் பிள்ளைகள் சைவச் சூழலிற் கற்பதற்கு இடம் வேண்டுமென்னும் உணர்ச்சி பிறந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது அவ்வுணர்ச்சியின் முதற் பயனாகும். மிசன் பாடசாலைகளுக்கு எளிதிற் கிடைத்த அரசாங்க உதவிப்பணம் அவ்வித்தியாசாலைக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1872இல் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை போதிய பொருளும் ஆதரவுமின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

1869இல் அரசாங்கம் கல்விக்கெனத் தனித் திணைக்களம் ஒன்றை அமைத்து, பரீட்சைப் பெறுபேறுகளை நோக்கி உதவிப்பணம் வழங்கலாயிற்று. சமய வேறுபாடின்றி எவரும் உதவி கேட்கலாம் என்றமையால் அது முற்போக்கான ஏற்பாடேயாம். ஆயினும், ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்குமிடத்துக்குக் குறித்த தூரத்துள் எழும் புதிய பாடசாலைக்கு உதவியில்லை என்னும் விதிகள் தொடர்ந்து வந்தன. முதலில் மூன்று மைல் விதியும், 1890களிற் கால் மைல் விதியும் வழங்கின. பொருள் வீணாகாமற் காப்பதே அவற்றின் நோக்கமென்று கூறப்பட்டது. நடைமுறையிலோ, முந்தி வந்த மிசன் பாடசாலைக்கு அவ்விதி வேலியாயிற்று. பிந்தி வந்த சைவ, பௌத்தப் பாடசாலைகளுக்கு அதுவே முட்டுக்கட்டையாயிற்று. ஒரு விதியின் சொற்கள் நடுவுநிலையாய் இருந்தால் அதன் பயனும் நடுவுநிலையாய் இருக்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்று. தனியார் பாடசாலைகளை ஒழுங்குபடுத்தல் வேண்டும் என்பார் இதனை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இத்தடைகளையும் கடந்து சைவ மக்கள் தம் பாடசாலைகளை வளர்த்தனர். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி சைவபரிபாலன சபையின் ஆதரவில் நிலைபெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென ஒரு கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. இந்து போட் என மக்கள் வழங்கிய அச்சங்கத்தை இராசரத்தினம் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு நடத்தினார். அதன் முகாமையில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் எழுந்தன. அரசு தராத ஒன்றை மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட வரலாறு இது. பெற்றோர் தம் சமயத்துக்கும் மொழிக்கும் ஏற்ற பாடசாலையை அமைக்கும் உரிமை ஏன் வேண்டும் என்று வினவுவார்க்கு இவ்வரலாறே விடையாகும்.

முகாமையாளர் ஆட்சியின் குறைகள்

புகழுக்குரிய இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பங்கை அரசு கொடுத்தது. நியமனமும் நீக்கமும் இடமாற்றமும் முகாமையாளர் கையில் இருந்தன. பொதுப்பணத்திற் சம்பளம் பெற்ற ஆசிரியர் தனியொருவரின் விருப்புக்கு அஞ்சி வாழ்ந்தனர். தகுதியினும் சமயமும் உறவும் சாதியும் மேலாக நோக்கப்பட்டன என்னும் முறைப்பாடு எல்லாச் சமயத்தார் பாடசாலைகளைப் பற்றியும் எழுந்தது. பாடசாலைக்கு உழைத்த முகாமையாளர் பலர் என்பதும் உண்மை. ஆயினும், ஆசிரியரின் வாழ்வு ஒருவரின் நற்குணத்தை மட்டும் நம்பியிருத்தல் முறையாகாது.

இதனினும் பெரிய குறை பிள்ளைகளைப் பற்றியது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவிடத்தும் நிலத்திலோ புறத்தேயோ இருத்தப்பட்டனர். உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்று 1929ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பணித்தது. அப்பணிப்பை எதிர்த்து விண்ணப்பங்கள் எழுந்தன. குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தை ஆதரித்து நின்றனர். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார்.

இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.  ஊராரின் உரிமையையும் விருப்பத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளின், சம ஆசனம் பின்னும் பல்லாண்டு தாமதித்திருக்கும். அன்று அந்நிய அரசு இட்ட கட்டளை, உள்ளூர்ப் பெரியோர் பலர் செய்ய மறுத்த அறத்தைச் செய்வித்தது. பாடசாலை தனியாருடையதாயினும் அதனுட் புகும் பிள்ளை தனியார் உடைமையன்று. அப்பிள்ளையின் மானத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. தனியார் பாடசாலைகளில் அரசு தலையிடலாகாது என்று முற்றாக உரைப்பார், 1929இன் கடைவாங்கில் இருக்கவும் இடம்பெறாத பிள்ளைக்கு என்ன விடை கூறுவர்?

கையேற்பும் தடையும்

1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய மகாவித்தியாலயங்கள் நாட்டுப்புறங்களில் எழுந்தன. 1960 யூலைத் தேர்தலிற் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு அவ்வாண்டே 5ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையைக் கையேற்றது. ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் இவ்வாறு அரசின்கீழ் வந்தன. கட்டணம் வாங்காமலும் உதவிப்பணம் பெறாமலும் நடத்த ஒப்புக்கொண்ட சில பெரிய கல்லூரிகள் மட்டும் தனித்து நின்றன. 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலைச் சொத்துக்களை அரசுடைமையாக்க வழிசெய்ததோடு, 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிய பாடசாலையை அரசு தவிர வேறெவரும் நிறுவலாகாது என்றும் விதித்தது.

இக்காலத்திற்கு மிக அணித்தாகவே கேரளத்திலும் இத்தகைய போராட்டம் நிகழ்ந்தது. 1957இல் முண்டசேரி கொணர்ந்த கல்வி மசோதா ஆசிரியர் நியமனத்தையும் சம்பளத்தையும் முகாமையாளர் கையினின்றும் மீட்க முயன்றது. அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1959இல் அவ்வரசே நீக்கப்பட்டது. இலங்கையிற் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களிற் குடியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தும் சட்டம் நிலைத்தது. இரண்டு நாடுகளிலும் அடிப்படைக் குறை ஒன்றே. மருந்து மட்டும் வேறு. கேரளம் கண்காணிப்பை நாடிற்று. இலங்கை கையேற்பையும் தடையையும் நாடிற்று.

கையேற்பு நன்மை செய்யவில்லை என்று கூறுவது பொய்யாகும். ஆசிரியர்க்கு நிலையான உத்தியோகமும் ஒரே சம்பளத்திட்டமும் கிடைத்தன. பிள்ளை தன் பெற்றோர் சமயத்தையே கற்கும் உரிமை உறுதியாயிற்று; நாவலர் 1848இல் வேண்டியது ஒரு வகையில் நாடு முழுவதற்கும் கிடைத்தது எனலாம். அதே வேளையில், ஊரார் பிடியரிசி சேர்த்துக் கட்டிய பாடசாலையோடு அவர்க்கிருந்த உரிமையுணர்ச்சி தளர்ந்தது. அதிபர் நியமனமும் ஆசிரியர் இடமாற்றமும் முகாமையாளர் கையினின்று நீங்கி அரசியல்வாதிகளின் செல்வாக்குக்கு உட்பட்டன. தலைவன் மாறினான், தலைவனை அண்டி வாழும் நிலை முற்றாக மாறவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் இன்றியமையாதது. 1960இன் சட்டம் இருந்த பாடசாலைகளை ஒழுங்குபடுத்த எழுந்தது. 1961இன் தடையோ இனி எழக்கூடிய பாடசாலைகளை இல்லையாக்க எழுந்தது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 1922இல் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பாடசாலைக்கே செல்லவேண்டும் என்று சட்டமியற்றியது. அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1925இல் அதனைச் செல்லாதென்றது. பாடசாலைகளை நியாயமாக மேற்பார்வையிடவும் ஆசிரியர் தகுதியை விதிக்கவும் அரசுக்குள்ள அதிகாரத்தை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. கண்காணிக்கும் அதிகாரம் வேறு, இல்லாதொழிக்கும் அதிகாரம் வேறு என்னும் இத்தெளிவு இலங்கைச் சட்டத்தில் இல்லாதொழிந்தது.

தடையின் எதிர்பாராத விளைவு

தடைசெய்த பொருளைக் கண்காணிப்பதற்கு எவ்வரசும் அதிகாரிகளை நியமிப்பதில்லை. அப்பொருள் இல்லையென்றே சட்டம் கருதுகின்றது. ஆயினும், கல்வியை விரும்பும் பெற்றோரும் கல்வியை விற்க விரும்புவோரும் சட்டம் கருதியபடி இல்லாதொழிந்தாரல்லர்.

1977இன் பொருளாதார மாற்றத்தின் பின்னர், சர்வதேசப் பாடசாலை என்னும் பெயரோடு புதிய நிலையங்கள் பெருகின. பாடசாலை நிறுவுதல் தடுக்கப்பட்டமையால் அவை கம்பனிச் சட்டத்தின்கீழ் வணிக நிறுவனங்களாகப் பதிவுபெற்றன. கொழும்பில் தொடங்கிய அவ்வழக்கம் யாழ்ப்பாணம், வவுனியா முதலிய நகரங்களுக்கும் பரவியுள்ளது. அவற்றுட் சில திறமையாக நடப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு சிற்றூரின் அரசுப் பாடசாலை சுற்றுநிருபம் பலவற்றுக்குக் கட்டுப்பட்டிருக்க, பெருங்கட்டணம் பெறும் சர்வதேசப் பாடசாலை ஆசிரியர் தகுதி, பாடத்திட்டம், கட்டணம் என்பவற்றில் ஏறத்தாழத் தன் விருப்பப்படி நடத்தல் எவ்வகை நீதி? தாய்மொழியையும் நாட்டு வரலாற்றையும் கற்பியாமலே ஒரு பிள்ளையைப் பதினாறு வயது வரை வளர்த்தெடுக்கவும் அங்கு இடமுண்டு.

தனியார் போதனா நிலையங்களின் நிலை இதனினும் வியப்பானது. ரியூட்டறி என மக்கள் வழங்கும் இந்நிலையங்கள் இல்லாத பட்டினம் இன்று வடமாகாணத்தில் இல்லை. பிள்ளை காலையில் அரசுப் பாடசாலையிலும் மாலையில் ரியூட்டறியிலும் படிக்கின்றது. சிலவிடத்து இரண்டிலும் கற்பிப்பவர் ஒருவரே. ஓலைக் கொட்டிலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கியிருக்கும் வகுப்புக்கு மலசலகூட வசதி உண்டா, தீவிபத்து நேரின் வெளியேற வழி உண்டா என்று பார்ப்பவர் அரியர். ஞாயிறன்று அறநெறி வகுப்புக்கும் ஓய்வுக்கும் இடம்விட்டு இந்நிலையங்களை மூடவேண்டும் என்னும் கோரிக்கையும் அறிவிப்பும் அவ்வப்போது எழுந்து தளர்கின்றன.

ஆகவே, தனியார் கல்வியை ஒழிக்க எழுந்த சட்டம் தனியார் கல்வியை ஒழிக்கவில்லை. சமய சபைகளும் ஊர்ச் சங்கங்களும் இலாபங் கருதாது நடத்திய தனியார் கல்வியையே ஒழித்தது. அதன் இடத்தில் இலாபங் கருதிய தனியார் கல்வி பெரும்பாலும் கண்காணிப்பார் இன்றி எழுந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்மீது கூறத்தக்க மிகக் கடிய குற்றச்சாட்டு இதுவேயாம். அது அளவுமீறிக் கட்டுப்படுத்திற்று என்பது ஒரு பாதி. கட்டுப்படுத்த வேண்டியதைக் கட்டுப்படுத்தாது விட்டது என்பது மறுபாதி.

ஆனையிறவுக்குத் தெற்கே

இனி, ஆனையிறவைக் கடந்து தெற்கே நோக்குக. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டபின், கரைச்சிப் பகுதியிற் குடியேற்றங்கள் எழுந்தன. குடாநாட்டின் காணியற்ற குடும்பங்கள் அங்குச் சென்று காடுவெட்டிக் கழனியாக்கின. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின்னர் மலையகத் தமிழர் பலரும் வன்னியை நாடி வந்தனர். இத்தகைய மக்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி அமைக்க எத்தனை தனவந்தர் முன்வந்தனர்? முல்லைத்தீவு முதலிய கரையோர ஊர்களிற் கத்தோலிக்கத் திருச்சபையாரின் பணி உண்டு. பிற சங்கங்களின் முயற்சியும் ஆங்காங்கு உண்டு. ஆயினும், குடாநாட்டிற் கூப்பிடு தூரத்துக்கு ஒரு கல்லூரியை எழுப்பிய தனியார் ஊக்கம் ஆனையிறவிற் பெரும்பாலும் நின்றுவிட்டது. கட்டணங் கொடுக்க இயலாத, நன்கொடை திரட்ட இயலாத, செல்வாக்குள்ள பழைய மாணவர் இல்லாத ஊருக்குத் தனியார் பாடசாலை தானாகச் செல்வதில்லை. அங்குச் சென்றது அரசே.

போர்க்காலத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாயிற்று. 1991இலும் 2000இலும் 2009இலும் ஆனையிறவு பெரும்போர்க்களமாயிற்று. கண்டிவீதி ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டிருந்தது. மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். மரநிழலிலும் தறப்பாளின் கீழும் வகுப்புக்கள் நடந்தன. ஆயினும், அரசின் ஆட்சி நிலவாத பகுதிகளிலும் ஆசிரியர்க்கு அரசே சம்பளம் வழங்கிற்று. பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள்கள் அங்குஞ் சென்றன. குண்டுமாரிக்கு இடையிற் சாதாரணதரப் பரீட்சை எழுதிய பிள்ளையின் பெறுபேறு கொழும்புப் பிள்ளையின் பெறுபேற்றோடு ஒரே பட்டியலில் வெளியாயிற்று. கட்டண வருவாயை நம்பிய நிறுவனம் எதுவும் அத்தகைய காலத்தில் நிலைத்திருத்தல் இயலாது. பொதுக்கல்வி என்னும் தத்துவத்தின் வலிமை அங்கே விளங்கிற்று.

இதனாலே அரசு செய்வன யாவும் நன்று என்று முடித்தலும் பிழை. 1974இல் மாவட்ட ஒதுக்கீட்டு முறை பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்டபோது வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்கள் பயன்பெற்றன. கிளிநொச்சியோ அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. 1984இலேயே அது தனி மாவட்டமாயிற்று. ஆதலின், அப்பத்தாண்டுகளிற் கிளிநொச்சிக் குடியேற்றத்துப் பிள்ளை குடாநாட்டின் புகழ்பெற்ற கல்லூரிப் பிள்ளையோடு ஒரே மாவட்டத்துப் போட்டியாளனாக எண்ணப்பட்டது. பின்தங்கியோரைத் தாங்க எழுந்த விதி, வரைபடத்து எல்லையை நோக்கியதன்றி நிலத்தின் மெய்ந்நிலையை நோக்கவில்லை. தொலைவிலிருந்து இடப்படும் விதி இவ்வாறு தான் காக்க விரும்பியவனையே தவறவிடுதல் உண்டு.

2009இன் பின்னர் மற்றொரு நிலை தோன்றிற்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் முன்பள்ளிகள் பல சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின்கீழ் வந்தன. ஏனைய முன்பள்ளி ஆசிரியைகள் சிறுதொகையே பெற, அத்திணைக்களத்தின்கீழ் உள்ளோர் அதனினும் மிகுந்த சம்பளம் பெற்றனர். வறுமையுற்ற குடும்பத்துப் பெண்ணொருத்தி அச்சம்பளத்தை ஏற்றதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயினும், மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் முதற் கல்வி, மாகாணக் கல்வித்துறையின் பொறுப்பினின்று விலகிப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்தது முறையா என்னும் வினாவைக் கல்வியாளர் எழுப்பினர். கண்காணிக்க வேண்டிய அரசே நடத்துபவருமாகிவிடின், அதனைக் கண்காணிப்பவர் யார்? தனியார் பாடசாலைக்கு வரம்பு வேண்டுமாயின், அரசுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை வன்னியின் அனுபவம் உணர்த்துகின்றது.

தமிழ்நாட்டின் அனுபவம்

தடையின்றித் தனியார் பாடசாலைகள் பெருகிய இடத்தின் நிலையையும் நோக்குதல் பொருந்தும். 2004 யூலை 16ஆம் நாள் கும்பகோணத்திற் கூரைவேய்ந்த பாடசாலைக் கட்டடமொன்றிற் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே வளவில் மூன்று பாடசாலைகள் நெருக்கமாக நடந்தமையும், மேற்பார்வை செய்ய வேண்டியோரின் கவனயீனமும் பின்னர் வெளிப்பட்டன. பாடசாலைக் கட்டடத்தைச் சோதிப்பது தனியார் உரிமையிற் குறுக்கிடுதல் என்று இதன்பின் எவரும் கூறத் துணியார். விதி ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது, நேரிற் சென்று பார்ப்பவர் வேண்டும் என்பதும் அந்நிகழ்ச்சி புகட்டிய பாடமாகும்.

கட்டணத்தைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2002இற் கூறிய முடிபு கருதத்தக்கது. உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் தம் கட்டணத்தை வகுக்கலாம். வளர்ச்சிக்கு வேண்டிய மிகுதியும் பெறலாம். கொள்ளை இலாபமும் அனுமதிக்கென வாங்கும் பெருந்தொகையும் ஆகா என்பது அதன் சாரம். தமிழ்நாடு 2009இற் கட்டண ஒழுங்குச் சட்டத்தை இயற்றி, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியக் கல்வியுரிமைச் சட்டம், தனியார் பாடசாலைகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாறு பணித்தது. இவை யாவும் முழுவெற்றி பெற்றன என்று கூறல் இயலாது. கட்டணக் குழுவின் தீர்ப்பைத் தாண்டி வேறு பெயர்களில் பணம் பெறுதலும், அரசு ஈடுசெய்ய வேண்டிய தொகை தாமதித்தலும் முறைப்பாடுகளாகவே உள்ளன. எனினும், பாடசாலை உண்டென்று ஒப்புக்கொண்டு அதனோடு வழக்காடும் சட்டம், பாடசாலை இல்லையென்று கண்ணை மூடும் சட்டத்தினும் மேலானது.

எல்லை யாது?

மேற்கூறியவற்றால் ஒரு முடிபு பெறப்படும். தனியார் பாடசாலைகளை அரசு கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டுமா என்னும் வினாவுக்கு, எப்பொருளில் என்று முதலில் வினவியே விடைகூறல் வேண்டும்.

பிள்ளையின் உயிரும் உடலும், அனுமதியிற் சாதி சமய வேறுபாடின்மை, ஆசிரியரின் தகுதியும் சம்பளமும், கட்டணத்தினதும் கணக்கினதும் வெளிப்படைத்தன்மை ஆகிய நான்கிலும் அரசின் விதி கடுமையாகவே இருத்தல் வேண்டும். இவற்றிற் சர்வதேசப் பாடசாலை, ரியூட்டறி, முன்பள்ளி, சமயச் சபைக் கல்லூரி என்னும் வேறுபாடு ஆகாது. கற்பிக்கும் முறை, பாடசாலையின் மரபு, சமயச் சூழல், மேலதிக பாடங்கள் ஆகியவற்றில் அரசின் கை மென்மையாக இருத்தல் வேண்டும்; தாய்மொழியும் நாட்டு வரலாறும் கற்பிக்கப்படுதலை மட்டும் உறுதிசெய்தல் போதும். மேற்பார்வை செய்யும் வித்தியாதரிசிகள் பாடசாலை நடத்தும் திணைக்களத்தின் ஏவலாளராக இராமல், அரசுப் பாடசாலைகளையும் அதே அளவுகோலால் அளக்கும் தனிச்சபை ஒன்றின் கீழ் இருத்தல் நன்று. அவ்வாறாயின், 1961இன் பழைய தடையை நீக்கி, இலாபங் கருதாத சங்கங்களுக்கு மீண்டும் வழிதிறந்துவிடுதலில் அச்சமில்லை.

தடையை நீக்கினால் இலவசக் கல்வி அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. வசதியுள்ள பெற்றோர் அரசுப் பாடசாலையை விட்டு நீங்கின், அதற்காகக் குரல்கொடுப்போரும் நீங்குவர். ஆயினும், அந்நீக்கம் தடை இருக்கும்போதே நிகழ்ந்துவருகின்றது என்பதை மறத்தலாகாது. இலவசக் கல்வியைக் காப்பது தனியார் பாடசாலை இன்மை ஆகாது. அரசுப் பாடசாலையின் நன்மையே அதனைக் காக்கும்.

இவ்விடத்தில் இந்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. அக்கல்லூரிகள் இன்று அரசுப் பாடசாலைகளே. எனினும், உள்நாட்டிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவரின் நன்கொடையால் அவற்றிற் பல மாடிக்கட்டடமும் ஆய்வுகூடமும் விளையாட்டரங்கும் பெற்று வளர்கின்றன. பெயரால் அரசுப் பாடசாலையாயினும் வசதியால் அவை தனியார் கல்லூரியை ஒத்தன. அந்நன்றியுணர்ச்சி போற்றத்தக்கதே. ஆயினும், நன்கொடையும் பழைய தனியார் ஊக்கத்தைப் போலவே ஆனையிறவில் நின்றுவிடுகின்றது. கண்டாவளையிலோ ஒட்டுசுட்டானிலோ கணித ஆசிரியர் இன்றி இயங்கும் பாடசாலைக்குக் கடல்கடந்த சங்கம் அமைத்துக் கொடுப்பார் அரியர்.

ஆனையிறவின் உப்பளத்தில் தொழிலாளர் கடல்நீரை அடைத்துவிடுவதும் இல்லை, விரும்பியவாறு பாயவிடுவதும் இல்லை. உரிய காலத்தில் உரிய அளவு நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வரம்பு உடையாமற் காப்பதே அவர் தொழில். உப்பை விளைவிப்பது வெயில். பாடசாலையிற் கல்வியை விளைவிப்போர் ஆசிரியரும் மாணவரும் ஆவர். அரசு வரம்பைக் காத்தல் வேண்டும். அவ்வரம்பு எல்லாப் பாத்திக்கும் ஒன்றாதல் வேண்டும். பாத்தியே இல்லாத நிலத்துக்கு அரசே முதலிற் சென்று பாத்தி கட்டுதல் வேண்டும். இம்மூன்றும் செய்யும் அரசுக்கு எதிராகத் தனியார் உரிமையைக் காட்டி வழக்காடுதல் தகாது. இம்மூன்றையும் செய்யாது தடையொன்றை மட்டும் சட்டப்புத்தகத்தில் வைத்திருக்கும் அரசு, தனியார் பாடசாலைகளைக் கட்டுப்படுத்துகின்றது என்று கூறிக்கொள்ளும் தகுதியுடையதன்று.